பதினோரு வாரத் தேய்ப்பு, நான்கு மணி நேரப் பெயிண்ட்

“படகுக்குப் பெயிண்ட் அடிக்க எத்தனை நாள் ஆகும்?” என்று மார்ச் மாதம் என் மனைவி கேட்டாள். ஒரு வாரம் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. பெயிண்ட் அடித்த நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் நான்கு மணி நேரம்தான் வருகிறது. ஒரு வாரம் என்பதே அதிகம். மீதிப் பதினோரு வாரமும், வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும், நான் செய்தது ஒரே காரியம்: தேய்த்தேன்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் பகுதியில், டெபன் என்றொரு ஆறு இருக்கிறது. ஆறு என்று பெயரே தவிர, கடல் நாளுக்கு இரண்டு முறை உள்ளே வந்து போகும் கழிமுகம் அது. உட்பிரிட்ஜ் ஊர்ப் பக்கம் ஓதம் ஏறினால் அகன்ற நீர்ப்பரப்பு. வடிந்தால் நடுவில் ஒரு வாய்க்கால், இரு புறமும் பளபளக்கும் சாம்பல் நிறச் சேறு. நீர்மட்டம் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் நாள்கள் உண்டு. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது வெகுநாள் பிடிபடவில்லை. எங்கள் கடல் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. இங்கே காலையில் மிதந்த படகு மத்தியானம் சேற்றில் உட்கார்ந்திருக்கும்.

என்னுடையது உட்காருவதற்கென்றே செய்த படகு. வெஸ்டர்லி சென்டார், 26 அடி. லாரன்ட் ஜைல்ஸ் வடிவமைப்பு நிறுவனம் வரைந்தது. 1969 முதல் 1980 வரை 2,400-க்கு மேல் வார்த்தார்கள், என்னுடையது 1974. வயிற்றின் கீழே, கீல் எனப்படும் அடித்தண்டு ஒன்றுக்கு இரண்டாக இருப்பதால், தண்ணீர் வடிந்ததும் சாயாமல் இரண்டு காலில் நிற்கும். அழகி என்று சொல்ல மாட்டேன். பக்கத்திலிருந்து பார்த்தால் டிரங்குப் பெட்டிக்குப் பாய் கட்டியது போலிருக்கும். ஆனால் உள்ளே நின்றுகொண்டு தேநீர் போடலாம், மழையில் நனையாமல் நான்கு பேர் படுக்கலாம், பழைய கார் வாங்கும் காசுக்குக் கிடைக்கும்.

வாங்கியதும் அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். அவர் தூத்துக்குடியில் தோணிக் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதியவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு பாய் விரித்துப் போன தோணிகளின் கடைசிக் காலத்தைப் பார்த்தவர். படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “இதற்கு எதற்கு இரண்டு ஏரா?” கீலுக்கு எங்கள் பக்கத்துச் சொல் ஏரா. முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். இந்தச் சொற்களை இங்கே உச்சரிக்க ஆளில்லாமல் நானே எனக்குள் சொல்லிக்கொண்டு வேலை செய்தேன்.

கண்ணாடியிழைப் படகின் மேல்தோல் பெயிண்ட் அல்ல. அச்சுக்குள் முதலில் பூசப்படும் வண்ணம் கலந்த பாலியெஸ்டர் பிசின் அது, ஜெல்கோட் என்பார்கள். கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். வெயில் பட்டுப் பட்டு அது சுண்ணாம்பு போல உதிரத் தொடங்கும். கறுப்புச் சட்டையோடு சாய்ந்தால் தெரிந்துவிடும். சில முறை மெருகேற்றிப் பளபளப்பை மீட்கலாம். ஒவ்வொரு மெருகும் அந்த அரை மில்லிமீட்டரிலிருந்துதான் கழிகிறது. ஐம்பது வயதுப் படகில் கழிக்க ஒன்றும் மிச்சமில்லை என்னும்போது பெயிண்ட்தான் வழி.

என் படகுக்கு முன்பு யாரோ ஏற்கெனவே அந்த வழியில் போயிருந்தார்கள். வெள்ளை எனாமல், தூரிகைக் கோடுகளோடு. அங்கங்கே உரிந்திருந்தாலும் பெரும்பகுதி கெட்டியாகத்தான் தெரிந்தது. உரிந்த இடத்தை மட்டும் தேய்த்துவிட்டு மேலே நல்ல பெயிண்ட் அடித்தால் முடிந்தது என்று கணக்குப் போட்டேன். ‘ஒரு வாரம்’ என்ற பதில் அந்தக் கணக்கிலிருந்து வந்தது.

படகுப் பெயிண்டில் இரண்டு சாதி உண்டு. டப்பாவைத் திறந்து அப்படியே அடிப்பது ஒன்று. அடிக்கும் நேரத்தில் இரண்டு டப்பாக்களைக் கலந்து, வேதிவினையால் இறுகச் செய்வது மற்றொன்று. இரண்டாவது பல ஆண்டுகள் பளபளக்கும், கல்போல இருக்கும். ஆனால் அதன் தின்னர் வீரியமானது. முதல் சாதிப் பெயிண்டின் மேல் பட்டால் அதைக் கிளப்பிவிடும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடச் சோதனை இருக்கிறது: அந்தத் தின்னரில் நனைத்த துணியைப் பழைய பெயிண்டின் மேல் ஒட்டிவைத்துச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். இளகினால் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். இதை நான் படித்திருந்தேன். செய்யவில்லை. செய்யாமல் இருந்ததற்குக் காரணம், விடை எனக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அமரத்துப் பக்கம் வலப்புறம் ஒரு மீட்டர் நீளத்துக்கு இரு கலவை பிரைமரைப் பூசிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பூசிய இடம் முழுவதும் எண்ணெயில் போட்ட அப்பளம் போலப் பொரிந்து நின்றது. பக்கத்துப் படகுக்காரர், எழுபதைத் தாண்டியவர், ஏணியிலிருந்து இறங்கிவந்து ஒரு விரலால் தள்ளினார். தோல் சுருண்டு விழுந்தது. “நல்ல சேதி ஒன்று இருக்கிறது. எல்லாம் இவ்வளவு சுலபமாக வந்துவிடாது” என்றார். அந்த ஊர் நகைச்சுவை பழக எனக்கு ஆறு வருடம் ஆனது. அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை.

நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, தண்ணீருக்கு மேலே நிற்கும் உயரத்தால் பெருக்கினால் பக்கச்சுவரின் பரப்பு வரும். எனக்கு வந்தது 20 சதுர மீட்டர். ஒரு சின்ன வீட்டுக் கூடத்தின் தரை அளவு. தரையென்றால் உட்கார்ந்து தேய்க்கலாம். இது குனிந்தும் அண்ணாந்தும், ஏணியில் ஒற்றைக் காலிலும் தேய்க்க வேண்டிய தரை.

தேய்ப்பதற்கு முன்னால் துடைக்க வேண்டும், இந்த வரிசை மாறக் கூடாது. ஐம்பது வருடமாக யார் யாரோ தடவிய மெழுகும் சிலிக்கோனும் மேலே இருக்கும். அதோடு தேய்த்தால் உப்புத்தாளே அதைக் கீறல்களுக்குள் ஏற்றிவிடும், பிறகு எந்தப் பெயிண்டும் ஒட்டாது. ஒரு கையில் கரைப்பானில் நனைத்த துணி, மறு கையில் உலர்ந்த துணி. துடைத்த ஈரம் காய்வதற்குள் ஒற்றி எடுக்க வேண்டும். கடைசியில் தண்ணீரை வீசிப் பார்த்தேன். தாமரை இலையில் போல முத்து முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது. படலமாகப் பரவி வழிந்தால் போய்விட்டது. மூன்றாவது துடைப்பில்தான் வழிந்தது.

பிறகு 80 எண் உப்புத்தாளும், தூசியை உறிஞ்சும் குழாய் பொருத்திய இயந்திரமும், முகமூடியும், நானும். சனி, ஞாயிறு, கோடைக்காலத்து நீண்ட மாலைகள். வெள்ளைக்குக் கீழே வெளிர்பச்சை வந்தது. பச்சைக்குக் கீழே மறுபடி ஒரு வெள்ளை. எந்த ஆண்டு யார் அடித்தார்களோ, அவர்களும் அன்றைக்கு இதுதான் கடைசி என்று நினைத்திருப்பார்கள்.

அமரத்தின் தட்டையான பலகையில் மூன்றாவது வார இறுதியில் எழுத்துகள் வந்தன. பெயிண்டில் எழுதியவை அல்ல. என்றோ ஒட்டியிருந்த எழுத்து ஸ்டிக்கர்கள் வெயிலை மறைத்ததால், அவற்றுக்கு அடியிலிருந்த ஜெல்கோட் மட்டும் மங்காமல் நின்றிருக்கிறது. சுற்றிலும் மஞ்சள் பாய்ந்த வெள்ளை, நடுவில் பழைய நிறத்திலேயே எழுத்து. பக்கவாட்டு வெளிச்சத்தில் படிக்க முடிந்தது: ‘சாம்ஃபயர்’.

நான் வாங்கியபோது படகுக்கு வேறு பெயர். இந்தப் பெயர் விற்றவருக்கும் தெரியாது. சாம்ஃபயர் என்பது ஓதம் ஏறி இறங்கும் உவர்ச்சேற்றில் வளரும் சதைப்பிடிப்பான, இலையே தெரியாத, கணுக்கணுவான செடி. இந்த ஊர்க்காரர்கள் கோடையில் பறித்து, வேகவைத்து, வெண்ணெய் போட்டு மீனோடு சாப்பிடுவார்கள். அதைக் கடையில் முதன்முதலாகப் பார்த்தபோதே எங்கோ பார்த்த முகம் என்று நினைத்தேன். எங்கள் உப்பளங்களின் வரப்போரம் சிவந்து கிடக்கும் உமரிதான். அதே குடும்பம். உமரிக்கு விலை போட்டு விற்பார்கள் என்று அம்மாவிடம் சொன்னால் நம்ப மாட்டாள் என்பதால் ரசீதைப் படம் எடுத்து அனுப்பினேன்.

எழுத்துகளைத் தேய்க்காமல் ஒரு வாரம் விட்டுவைத்தேன். ஆற்றுக்கு எதிர்க்கரையில், படகைக் கரையேற்றி வைத்திருந்த பட்டறையிலிருந்து பார்த்தால் மரங்களுக்குப் பின்னால், சட்டன் ஹூ என்ற மேடு இருக்கிறது. 1939-இல் பேசில் பிரவுன் என்பவர் அங்கே மண்ணை அகழ்ந்தபோது வரிசை வரிசையாக இரும்பு ஆணிகள் வந்தன. ஏழாம் நூற்றாண்டில் ஓர் அரசனோடு புதைத்ததாகக் கருதப்படும் கப்பல். 27 மீட்டர் நீளம். அமிலத் தன்மையுள்ள மணல் மரத்தை ஒரு துண்டு விடாமல் தின்றுவிட்டது. ஆனால் பலகை இருந்த இடத்தின் வடிவம் மணலில் அப்படியே பதிந்திருந்தது, ஆணிகள் தத்தம் இடத்திலேயே இருந்தன. அந்த அச்சைக் கொண்டு இப்போது உட்பிரிட்ஜ் ஆற்றங்கரைக் கொட்டகை ஒன்றில் முழு அளவுக் கப்பலையே ஓக் மரத்தில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கை ஓய்ந்துபோன சனிக்கிழமைகளில் அங்கே போய், கோடரியால் பலகை செதுக்குபவர்களை வேடிக்கை பார்ப்பேன். ஒருவர்கூட உப்புத்தாள் பிடிக்கவில்லை. பொறாமையாக இருந்தது.

பட்டி பார்க்கும் வேலைதான் எனக்குப் பிடித்தது. எப்பாக்ஸிப் பிசினில், உள்ளீடற்ற நுண்ணிய உருண்டைகளான செம்பழுப்புத் தூளைக் கொட்டிக் குழைக்க வேண்டும். எந்தக் கெட்டி என்பதற்கு டப்பாவில் எழுதியிருந்த விளக்கம் எனக்கு உதவவில்லை. தேங்காய்த் துவையல் பதம் என்று வைத்துக்கொண்டேன், சரியாக வந்தது. பள்ளங்களில் இழுத்துப் பூசி, இறுகியதும் மேலே கசியும் மெழுகுப் படலத்தைத் தண்ணீரால் கழுவி, அரை மீட்டர் நீளமுள்ள வளையும் பலகையில் உப்புத்தாளை ஒட்டிக் குறுக்கும் மறுக்குமாகத் தேய்க்க வேண்டும். சின்னக் கட்டையால் தேய்த்தால் பள்ளத்துக்குள்ளும் இறங்கித் தேய்க்கும். நீளப் பலகை மேட்டை மட்டும் பிடிக்கும். கறுப்பு ஸ்பிரேயைத் தூசி போல மேலே ஊதிவிட்டுத் தேய்த்தால், கறுப்பு எங்கே மிஞ்சுகிறதோ அது பள்ளம். முதல் முறை என் படகு அம்மை போட்டதுபோல் நின்றது.

பக்கத்துப் படகுக்காரர் ஒரு நாள் வந்து, “கண்ணால் பார்க்காதே” என்றார். ஒரு மெல்லிய பருத்தித் துணியைக் கையிலிருந்து எடுத்து, என் உள்ளங்கைக்கும் படகுக்கும் நடுவில் வைத்துத் தடவச் சொன்னார். வெறுங்கை தோலின் சொரசொரப்பைத்தான் முதலில் சொல்கிறது. துணி அதை மறைத்துவிடுவதால் மேடும் பள்ளமும் மட்டும் கையில் ஏறின. பால்கோவா பொட்டலத் தாளின் கனம்கூட இல்லாத ஒரு குழியை இடப்புறம் அணியத்துக்கு அருகில் கண்டுபிடித்தேன். கண்ணுக்கு இன்றுவரை தெரியாது. கைக்குத் தெரிந்த பிறகு விட முடியவில்லை, மூன்று மாலை போயிற்று. இவ்வளவுக்கும் அந்தப் பக்கம் எப்போதும் துறையின் சுவரைப் பார்த்துதான் நிற்கும்.

கருநீலம் என்பது என் ஆசை. ஆனால் இருண்ட பளபளப்பு கண்ணாடி மாதிரி. ஒவ்வொரு அலைவையும் காட்டிக்கொடுக்கும், வெயிலில் சூடேறவும் செய்யும். மனைவி பட்டி பார்த்த பக்கச்சுவரை ஒரு முறை நீளவாக்கில் பார்த்தாள். “இதற்கு நீலம் அடித்தால் நீங்கள் கடைசிவரை இங்கேயேதான் இருப்பீர்கள்” என்றாள். தந்த வெள்ளை வாங்கினோம்.

இரு கலவைப் பாலியூரித்தேன் பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அதைத் தெளித்தால் மூச்சில் போய் நிரந்தர ஆஸ்துமாவைக் கொண்டுவரலாம். வெளிக்காற்று தரும் முகக்கவசம் உள்ள தொழிலாளிகளுக்குத்தான் தெளிப்பு. மற்றவர்களுக்கு உள்ள முறைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நுரை ரோலரால் மெலிதாக உருட்ட, மற்றவர் உடனே பின்னால் வந்து நல்ல தூரிகையின் நுனியால், எடையே கொடுக்காமல், குமிழ்களை வருடி உடைக்க வேண்டும். முன்னால் போன பட்டையின் ஓரம் காய்வதற்குள் அடுத்தது சேர வேண்டும். நடுவில் நிறுத்த முடியாது, திரும்பிப் போய்த் திருத்தவும் முடியாது.

நான் உருட்டினேன், அவள் வருடினாள். முதல் பூச்சில் பாதி தூரம் போனதும், “நீங்கள் ரொம்ப வேகம்” என்றாள். “நீ ரொம்ப மெதுவு” என்றேன். அதன் பிறகு அமரம் வரும்வரை இருவரும் பேசவில்லை. அதுவே நல்லதாயிற்று, அந்தப் பகுதிதான் அன்றைக்குக் கண்ணாடியாக வந்தது.

இரண்டாவது பூச்சு என் அவசரத்தால் கெட்டது. மழை வருவதற்குள் முடித்துவிடலாம் என்று மாலை நான்கு மணிக்குத் தொடங்கினோம். மழை வரவில்லை, பனி வந்தது. இறுகாத பெயிண்டின் மேல் ஈரம் படிந்தால் பளபளப்பு செத்துவிடும். மறுநாள் காலை வலப்புறம் முழுவதும் பாலாடை படர்ந்ததுபோல் மங்கிக் கிடந்தது. மறுபடி 320 எண் தாள், மறுபடி துடைப்பு. மூன்றாவதைக் காலை ஒன்பதுக்குத் தொடங்கிப் பத்தே காலுக்கு முடித்தோம். அணியத்துக்குக் கீழே ஒரு சின்னப் பூச்சி வந்து ஒட்டி, எங்கள் கண்ணெதிரிலேயே கொஞ்சம் நடந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டது. எடுக்கப் போனால் பள்ளம் விழும். இன்னும் அங்கேதான் இருக்கிறது, தந்த வெள்ளைக்குள்.

இவ்வளவு கதையும் நீர்க்கோட்டுக்கு மேலே. படகுக்குத் தேவையான வேலை கீழே இருக்கிறது, அதை யாரும் படம் எடுப்பதில்லை. கொட்டலசும் பாசியும் ஒட்டாமல் தடுக்கும் பெயிண்ட் வேறு. அதில் செம்பின் ஆக்ஸைடு இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உயிர்களை விரட்டும். செம்பின் இந்தக் குணம் பழைய சேதி. 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலாரம்’ என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. திரும்பி வந்தபோது அடி சுத்தமாக இருந்தது. ஆனால் செம்பு தொட்ட இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. செம்போடு சுற்றி வந்த பழுப்புத் தாள் தற்செயலாக இடையில் மிஞ்சியிருந்த இடங்களில் ஆணி பழுதில்லாமல் இருந்தது. உப்புநீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ஒரு பொட்டலத் தாள் காட்டிக்கொடுத்தது.

என் படகின் அடியைச் சுரண்டும்போது எனக்குப் பயம் வேறு. 1970-களில் செம்பைவிட வீரியமான ஒன்றைச் சேர்த்தார்கள்: டிரைபியூட்டைல் டின். அது பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பை முளைக்கவைத்தது. பிரான்ஸின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பையே முடக்கிப்போட்டது. பிரான்ஸ் 1982-இலும் பிரிட்டன் 1987-இலும் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தன. உலக அளவிலான தடை 2008-இல்தான் அமலுக்கு வந்தது. 1974-இல் பிறந்த படகின் அடியில், இருபது முப்பது பூச்சுக்குக் கீழே, அது இருக்காது என்று யாரால் சொல்ல முடியும்? உலர்வாகத் தேய்க்கவே இல்லை. தார்ப்பாய் விரித்து, ஈரமாகவே சுரண்டி, விழுந்ததை எல்லாம் பையில் கட்டி அபாயக் கழிவில் சேர்த்தேன். இரண்டு பை நிறைய நீலமும் கறுப்பும் செங்கல் சிவப்பும்.

சுரண்டியபோது ஏழு கொப்புளங்கள் வந்தன, பழைய இருபத்தைந்து காசு அளவில். இந்த வயதுப் படகுகளில் அது வழக்கம்தான்: தண்ணீர் ஜெல்கோட்டின் வழியே மெல்ல ஊறி, உள்ளே வினைபுரியாமல் மிஞ்சிய வேதிப்பொருளைக் கரைத்து, கரைசல் மேலும் தண்ணீரை இழுத்துத் தோலை உப்பவைக்கும். ஒன்றைக் குத்தினேன். ஒரு சொட்டு பிசுபிசுப்பாக வந்தது, காடி வாசனை. நன்னீரால் பல நாள் கழுவி, ஐந்து வாரம் உலரவிட்டு, எப்பாக்ஸியால் அடைத்தேன்.

ஜூன் கடைசியில் கிரேன் படகைத் தூக்கித் தண்ணீரில் வைத்தது. அமரத்துப் பலகையில் பழைய எழுத்துகள் இருந்த அதே இடத்தில், அதே அகலத்தில், ‘உமரி’ என்று ஒட்டியிருந்தோம். பக்கத்துப் படகுக்காரர் அதை ஓர் ஓவியம் என்று நினைத்து, ‘ரி’யின் சுழியைக் காட்டி, இது கயிறா என்று கேட்டார்.

அப்பாவைக் காணொளியில் அழைத்தேன். ஆற்றின் நடுவிலிருந்து நண்பரின் துடுப்புப் படகில் சுற்றி வந்து, பளபளக்கும் பக்கச்சுவரை மெதுவாகக் காட்டினேன். அலையின் வெளிச்சம் அதில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வழவழவென்று இருக்கிறது. சரி, அடியில் என்ன பூசியிருக்கிறாய்? நம் தோணிக்குப் பலகை இடுக்குகளில் கலப்பற்று அடைத்து முடித்ததும் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சுவார்கள், கடற்கரை முழுக்க வாசம் அடிக்கும். கப்பல் புழு வராதா இதற்கு?”

“இது ஃபைபர் அப்பா, புழு தின்னாது. ஒட்டுகிறவற்றுக்குத்தான் செம்பு பூசியிருக்கிறது.”

“அணியத்தில் அது என்ன புள்ளி?”

“பூச்சி.”

“ஏராவைக் காட்டு.”

“தண்ணீருக்குள் இருக்கிறது அப்பா. நாலே முக்காலுக்கு வற்றிவிடும். அப்போதும் பாதி சேற்றில் புதைந்துதான் நிற்கும்.”

இங்கே நாலே முக்கால் என்றால் அவருக்கு இரவு ஒன்பதே கால். மாத்திரை போட்டுக்கொண்டு எட்டரைக்கே படுத்துவிடுகிறவர்.

“தெரிகிற மட்டும் தெரியட்டும். விழித்திருக்கிறேன்” என்றார்.